அவர் பார்க்காத வேன்

கண் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்த இடத்திலேயே அவள் திரும்ப வைத்து மூன்று நாட்கள் ஆகிவிட்டன.

துவைக்கப் போடலாம் என்று கணவரின் ஹெல்மெட் பையை எடுத்தபோது உள்பையில் கிடைத்தது. சின்னப் புட்டி, முக்கால்வாசி காலி. நேற்று இன்று தொடங்கிய மருந்தல்ல என்பது பார்த்தாலே தெரிந்தது. அவள் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவரோ மூன்று நாளும் சாப்பாட்டு மேசையில் புது வண்டியைப் பற்றி மட்டுமே பேசினார்.

இன்று அந்தப் புது வண்டியின் நாள்.

காலை ஆறரைக்கு வாசலில் இரண்டு பைக்குகள் நின்றன. வேகமும் வேண்டும், இரண்டு பேர் துணிமணிகளோடு ஆயிரம் கிலோமீட்டர் போகவும் வேண்டும் என்று கேட்பவர்களுக்காகச் செய்யப்படும் வகை. ஒன்று பதினோரு வருடமாக அந்த வகையில் அசைக்க முடியாத இடத்தில் இருப்பது. மற்றது போன மாதம்தான் அறிவிக்கப்பட்டது. இன்னும் கடைக்கு வரவில்லை. இரண்டு நாளுக்கு மட்டும் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தார்கள்.

"மாமியாரும் ரெடி, மருமகளும் ரெடி," என்றான் அவளுடைய தம்பி, கேமராப் பையின் வாரை இறுக்கிக்கொண்டே. "இன்னிக்கு யாரு வீட்டை விட்டுப் போறாங்கன்னு மாமா சொல்லிடுவாரு."

பத்திரிகையின் போட்டோக்காரன் அவன். பெயர் வைப்பது அவன் வேலை. அலுவலகம் முழுக்க இப்போது பழைய வண்டியை மாமியார் என்றும் புதியதை மருமகள் என்றும்தான் சொன்னார்கள்.

அவர் சிரிக்கவில்லை. மருமகளின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் காற்றை அளந்துகொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருடமாக அந்த மோட்டார் சைக்கிள் வார இதழில் வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர். அவர் வேண்டாம் என்று எழுதினால் கடைகளில் முன்பதிவு ரத்தாகும். ஒருமுறை ஒரு டயரைப் பற்றி அவர் எழுதிய இரண்டு வரிக்காக அந்தக் கம்பெனி விற்பனையையே நிறுத்திவிட்டு டயர் வார்க்கும் அச்சை மாற்றியது. அதனால்தானோ என்னவோ, ஒரு சொல் எழுதுவதற்கு முன் ஒன்பது முறை யோசிப்பார்.

அவளுக்கும் அந்தப் பத்திரிகையில் ஓர் இடம் உண்டு. பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம். 'பின்சீட்டிலிருந்து' என்று தலைப்பு. வீட்டின் கீழ்த்தளத்தில் வண்டி சீட்டு தைக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். எந்த நுரை எத்தனை மணி நேரத்தில் அமுங்கிப் போகும், எந்தத் தையல் தொடையை அறுக்கும் என்று உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருடமாக, இருவர் போகும் வண்டி எது வந்தாலும் அவர் முன்னால், அவள் பின்னால். பக்கத்தை முதலில் அடியிலிருந்து படிக்கிற வாசகர்கள் அவளுக்கு உண்டு.

"ஏறு, நேரமாச்சு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எழுதிக் குடுக்கணும்," என்றார் அவர்.

அவள் ஏறினாள்.

* * *

மூவரின் ஹெல்மெட்டிலும் பேசுவதற்கும் கேட்பதற்கும் கருவி இருந்தது. ஒருவர் பேசினால் மற்ற இருவர் காதிலும் விழும்.

"சீட் எப்படி?" என்று கேட்டார் நெடுஞ்சாலையில் ஏறியதும்.

"மாமியாரவிட அகலம் ஜாஸ்தி. முட்டி மடங்குறது கம்மியா இருக்கு. ஆனா பிடிமானக் கம்பி ரொம்பப் பின்னாடி. கைய முறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கு."

"எழுதிடு."

முன் கண்ணாடித் தடுப்பு ஒரு பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கியது. காற்று அவள் தோளுக்கு மேலே போயிற்று. மாமியாரில் அது எப்போதும் சரியாக ஹெல்மெட்டின் நெற்றியில் வந்து மோதும். இந்த வண்டிக்குக் கூடுதலாக ஒரு வித்தையும் தெரியும். வேகத்தை நூற்றுப் பத்தில் நிறுத்திவிட்டுக் கையைத் தளர்த்தினால் போதும், மூக்கில் இருக்கும் ரேடார் முன்னால் இருப்பதைப் பார்த்துக்கொள்ளும். ஏதாவது குறுக்கே வந்தால் தானே வேகத்தைக் குறைக்கும், போனதும் தானே ஏற்றும்.

முப்பத்தாறாவது கிலோமீட்டர் கல் தாண்டிய இடத்தில் சாலை நேராக, அகலமாக இருந்தது. இடப்பக்க வரிசையில், கொஞ்சம் முன்னால், ஒரு ரொட்டிக் கம்பெனி வேன் போய்க்கொண்டிருந்தது. பின்கதவில் கோதுமைக் கதிர் வரைந்திருந்தது. வேன் மெல்லக் கோட்டைத் தாண்டி இவர்கள் வரிசைக்குள் சாய்ந்தது. ஓட்டுகிறவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தானோ என்னவோ. மூன்று நான்கு நொடி அப்படியே வந்தது.

அவர் தோளில் ஒரு அசைவும் இல்லை. பத்தொன்பது வருடமாக அந்த முதுகை அவளுக்குத் தெரியும். ஒரு நாய் சாலையோரத்தில் தலையைத் தூக்கினாலே அந்த முதுகு முதலில் இறுகும். இப்போது அது தளர்ந்தே இருந்தது.

வண்டி தானாகப் பிரேக் போட்டது. அவள் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் போய் முட்டியது. வேன் திடுக்கிட்டது போலத் தன் வரிசைக்குத் திரும்பியது. வண்டி மீண்டும் வேகம் எடுத்து அதைக் கடந்தது. கோதுமைக் கதிர் அவள் இடது முழங்கைக்குப் பக்கத்தில் பின்னால் போயிற்று.

"என்ன இது?" என்றது காதில் அவர் குரல். "காலி ரோட்டுல பிரேக் போடுது."

அவள் திரும்பி, பின்னால் சிறுத்துக்கொண்டே போன வேனைப் பார்த்தாள்.

"மாப்ள, குறிச்சுக்க. முப்பத்தாறாவது கல்லு தாண்டி. எதிர்ல ஒண்ணுமே இல்ல. காரணமில்லாம பிரேக்."

"குறிச்சுக்கிட்டேன் மாமா. நான் ரொம்பப் பின்னாடி இருந்தேன், ஒண்ணும் தெரியல. அக்கா, நீ பாத்தியா?"

வேன் என்று சொல்ல வந்தாள். ஆனால் பேசினால் தம்பி காதிலும் விழும். இருபத்தாறு வருடம் ஓட்டியவரை நெடுஞ்சாலையில், மைத்துனன் கேட்க, 'உங்களுக்குக் கண் தெரியவில்லை' என்று எப்படிச் சொல்வது?

"பாத்து எழுதுறேன்," என்றாள்.

மலைப்பாதையில் அவர் எப்போதும் போல ஓட்டினார். வளைவுகள் அவருக்கு மனப்பாடம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் எழும்போது அவள் வயிற்றில் எதுவும் குலுங்கவில்லை. ஆனால் வளைவுகளுக்கு நடுவே அவள் இன்னொன்றைக் கவனித்தாள். அவர் தலை அடிக்கடி இடதுபுறம் திரும்பியது. தேவைக்கு அதிகமாக, தாடை தோளைத் தொடும் அளவுக்கு. பிறகு வலது. மறுபடி இடது.

நாலைந்து மாதமாகக் கழுத்து வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி படுக்கும் முன் அவள்தான் தைலம் தேய்த்து விடுவாள். சாலையில் பாதியைத் தேடித் தேடி வந்த வலி அது என்று இப்போதுதான் புரிந்தது.

* * *

மலைக்கு மேலே பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. தம்பி இரண்டு வண்டிகளையும் வெயிலுக்கு ஏற்ற மாதிரி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"மருமகளுக்கு என்ன குறை? பதினோரு கிலோ கம்மி, எஞ்சின் சூடு காலுக்கு வரல, பெட்டி ரெண்டும் ஒரே சாவியில திறக்குது," என்றார். "எல்லாம் இருக்கு. ஆனா சும்மா பிரேக் போடற வண்டிய நான் யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். பின்னாடி லாரி இருந்திருந்தா?"

"ஒரு தடவைதானே பண்ணுச்சு," என்றாள் அவள்.

"ஒரு தடவை போதாதா?"

போதும்தான். அதுதான் அவள் பயமும். அவர் கையெழுத்தில் 'காரணமின்றிப் பிரேக் பிடிக்கிறது' என்ற வரி இருந்தது. அதை எழுதியவர் பொய் சொல்கிறவர் அல்ல. அவர் கண்டதை எழுதியிருக்கிறார். காணாததுதான் சிக்கல். நாளை மறுநாள் அது அச்சில் வரும். அந்த வண்டியை நாலு வருடம் உட்கார்ந்து செய்த யார் யாரோ அதைப் படிப்பார்கள். என்ன தப்பு செய்தோம் என்று தேடுவார்கள். கிடைக்கவே கிடைக்காது.

அப்போதே சொல்லியிருக்கலாம். கடையில் கூட்டம் இல்லை, தம்பி தூரத்தில் இருந்தான். அவர் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினார். விரல்கள் டம்ளருக்கு இரண்டு அங்குலம் இடப்பக்கம் மேசையைத் தடவி, பிறகு அதைக் கண்டுபிடித்தன. அவள் வாயைத் திறந்தாள். தம்பி கேமராவோடு வந்துவிட்டான்.

"மாமா, இப்ப மாமியார் மேல நீங்க. நான் மருமகளோட வர்றேன்."

அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். நான் ஏறாவிட்டால் இவர் தனியாகப் போவார். ஏறினால் நானாவது பார்ப்பேன். அப்படித்தான் அந்த நேரத்தில் கணக்குப் போட்டாள். சாலையில் வரும் மற்றவர்களை அந்தக் கணக்கில் அவள் சேர்க்கவில்லை.

மாமியார் ஏறியவுடனே தன் குணத்தைக் காட்டியது. கொஞ்சம் கனம், கொஞ்சம் அதிர்வு, ஆனால் சொன்னதை அப்படியே கேட்கும். முதுகுக்குப் பின்னால் பெட்டி அணைவாக இருந்தது. ரேடார் கிடையாது. ஓட்டுகிறவர் பார்த்தால்தான் வண்டிக்குத் தெரியும்.

"இடது பக்கம் லாரி," என்றாள்.

"ம்."

"இடது பக்கம் கார் ஒண்ணு திரும்புது."

"இன்னிக்கு என்ன, மேட்ச் வர்ணனை மாதிரி?" என்றார் அவர். குரலில் சிரிப்பு இருந்தது. சிரிப்புக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

"சும்மாதான்."

"அக்காவுக்கு மலையில தலை சுத்திருச்சு போல," என்றான் தம்பி.

அவள் பேசாமல் வந்தாள். ஐந்தாறு கிலோமீட்டர்.

மலை இறங்கியதும் ஆற்றங்கரை ஊர். கடைத்தெருவில் வேகம் நாற்பதுக்குக் குறைந்தது. இடப்பக்கம் ஒரு மருந்துக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் சந்து ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு தபால்காரர் சைக்கிளில் வெளியே வந்தார். முன் கூடையில் தபால்கட்டு. இந்த வண்டியின் சத்தம் கேட்டு, நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கையில், சாவகாசமாகத் தெருவைக் கடந்தார்.

முதுகு தளர்ந்தே இருந்தது.

"நிறுத்துங்க," என்று அவர் இடது தோளை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க."

நிறுத்தினார். இருபத்தாறு வருடக் கை அது. காரணம் தெரியாமலே சரியாக நிறுத்தியது. முன்சக்கரம் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தட்டியது, அவ்வளவுதான். தபால்காரர் சாயவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டார். கூடை கவிழ்ந்து தபால்களெல்லாம் தரையில் சிதறின.

தபால்காரர் முதலில் கீழே கிடந்த தபாலைப் பார்த்தார். பிறகுதான் ஓட்டியவரைப் பார்த்தார். ஓய்வு பெறும் வயதிருக்கும். கோபத்தில் குரல் உயரவில்லை, நடுங்கியது.

"ஏங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

தெருவில் தினம் நாலு பேர் நாலு பேரைக் கேட்கிற கேள்வி. பதில் எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை.

அவர் ஹெல்மெட்டின் முன்மூடியைத் தூக்கினார்.

"ஆமாங்க," என்றார். "தெரியல."

காதுக்குள் தம்பியின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

* * *

தபாலை எல்லோரும் சேர்ந்து பொறுக்கினார்கள். அவள் ஒவ்வொரு உறையாகத் துடைத்துக் கொடுத்தாள். தபால்காரர் கட்டைக் கட்டிக்கொண்டு, "மன்னிப்பெல்லாம் வேணாம்மா. இனிமே அவர ஓட்ட விடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டியைப் பாத்திரக்கடை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். சாவியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார்.

"ரெண்டையும் நீயே கொண்டு வந்துடு மாப்ள. ஒண்ணொண்ணா. நாங்க பஸ்ல போறோம்."

"எத்தனை நாளா மாமா?"

"அப்புறம் பேசலாம்."

தம்பி ஏதோ சொல்ல வந்தான். அக்கா தலையை அசைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. இரண்டு ஹெல்மெட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியாக எப்போது இப்படி உட்கார்ந்து போனோம் என்று அவளுக்கு நினைவில்லை. போகும்போதெல்லாம் அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள், முகத்தை அல்ல. இப்போது பக்கத்தில் இருந்த முகம் தெரியாதவர் முகம் போல வாடியிருந்தது.

"காலையில பிரேக் போட்டுச்சே," என்றாள். "ஒரு ரொட்டி வேன் நம்ம லைனுக்குள்ள வந்துச்சு. பாதி வேன். நாலு செகண்ட் இருக்கும்."

அவர் எதிர் சீட்டின் கம்பியையே பார்த்தார்.

"எவ்வளவு தூரத்துல?"

"நம்ம பட்டறை நீளம்கூட இருக்காது."

"நான் பாக்கல," என்றார். "கடந்து போறப்பகூடப் பாக்கல."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"அஞ்சு மாசம். கண்ணுக்குள்ள பிரஷர். நரம்பு செத்துக்கிட்டே வருதாம். நேரா பாக்குறது நல்லாத் தெரியும், அதான் ஏமாத்திருச்சு. ஓரம்தான் போச்சு. ரெண்டு கண்ணுலயும். இடது பக்கம் ரொம்ப." கண்ணாடியில் மோதும் மரங்களின் நிழல் அவர் முகத்தில் வந்து வந்து போயிற்று. "ஒரு கிண்ணத்துக்குள்ள முகத்த வைக்கச் சொன்னாங்க. ஓரத்துல வெளிச்சப் புள்ளி தெரியறப்பல்லாம் பட்டன அமுக்கணும். நான் பட்டனப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். மெஷின இன்னும் போடலையோன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், எப்ப ஆரம்பிக்கும்னு. முடிஞ்சிருச்சு சார்னு சொல்லுச்சு."

அவள் கை அவர் கையின் மேல் போயிற்று. பிறகு அதை எடுத்துக்கொண்டாள். இரக்கமும் கோபமும் ஒரே நேரத்தில் வந்தன. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

"அஞ்சு மாசமா என்னைப் பின்னாடி உக்கார வெச்சு ஓட்டினீங்க."

"நீ பின்னாடி இருந்தா தைரியமா இருந்துச்சு."

"அந்தத் தபால்காரருக்கு யாரு தைரியம்?"

அவர் மடியிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பி வைத்தார். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேர் இறங்கி, வண்டி மறுபடி கிளம்பிய பிறகுதான் அவள் பேசினாள்.

"நானும் தெரிஞ்சுதான் ஏறினேன். மூணு நாள் முன்னாடி பையில மருந்தப் பாத்தேன். காலையில வேனப் பாத்தேன். அப்புறமும் ஏறினேன். உங்கள மட்டும் சொல்லி என்ன?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். நேராக, முழு முகத்தையும் திருப்பி. அப்படித்தான் இனிமேல் அவரால் பார்க்க முடியும்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"வேலை போயிரும்னு."

அவள் தலையசைத்தாள். ஆனால் அந்தப் பதில் முழுதாக இல்லை என்று ஏதோ ஒன்று உறுத்தியது. வேலை போனால் பட்டறை இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.

* * *

வீட்டுக்கு வந்தபோது மணி நாலே கால். அவர் உடை மாற்றாமல் எழுத உட்கார்ந்தார். அவள் கீழே பட்டறை மேசையில், வெட்டிப் போட்டிருந்த ரெக்ஸினை ஒதுக்கிவிட்டு, தன் கட்டத்தை எழுதினாள். பிடிமானக் கம்பி பின்தள்ளி இருப்பதை எழுதினாள். காற்று தோளுக்கு மேலே போவதை எழுதினாள். பிறகு, 'முப்பத்தாறாவது கல்லைத் தாண்டி இடப்பக்கத்திலிருந்து ஒரு வேன் எங்கள் வரிசைக்குள் வந்தது. வண்டி தானாக வேகத்தைக் குறைத்தது. நான் அந்த வேனைப் பார்த்தேன்' என்று எழுதி நிறுத்தினாள். அதற்கு மேல் எழுதுவது அவள் வேலை அல்ல.

மேலே எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தாள். பத்தொன்பது வருடமாக அவள் எழுதியதை அவர்தான் திருத்துவார். பேனாவை எடுத்து, ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்தார். வேறு எதையும் தொடவில்லை.

அவர் எழுதியிருந்ததை அவள் படித்தாள். இரண்டு வண்டிகளையும் நியாயமாகத்தான் எடை போட்டிருந்தார். வளைவில் மாமியார்தான் இன்னும் ராணி. நீண்ட பயணத்துக்கு மருமகள். எஞ்சினைப் பற்றி, பெட்டிகளைப் பற்றி, கனத்தைப் பற்றி எல்லாம் அவர் பாணியில் அளந்து எழுதியிருந்தார். பிரேக் பற்றிய வரி அடிக்கப்பட்டிருந்தது. கடைசிப் பத்தி மட்டும் அவர் எப்போதும் எழுதாத விதத்தில் இருந்தது.

'இந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. அது வண்டிகளின் குறை அல்ல. நெடுஞ்சாலையில் புதிய வண்டி காரணமின்றிப் பிரேக் பிடித்ததாக நினைத்தேன். காரணம் இருந்தது. அதை வண்டி பார்த்தது, என் மனைவி பார்த்தாள், நான் பார்க்கவில்லை. என் பார்வையின் ஓரங்கள் போய்விட்டன. அஞ்சு மாதமாக அதை மறைத்து ஓட்டினேன். அந்த அஞ்சு மாதத்தில் நான் எழுதியவற்றை வாசகர்கள் சந்தேகத்தோடு படிக்க உரிமை உண்டு. இனி நான் ஓட்டப் போவதில்லை.'

"அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. ஐந்துன்னு இருக்கணும்," என்றாள்.

அவர் திருத்தினார். அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் ஆசிரியரின் போன் வந்தது. அவர் எழுந்து ஜன்னலருகே போய்ப் பேசினார். "அப்படியேதான் சார்... இல்ல, நிதானமாத்தான் எழுதினேன்... ஒரு வார்த்தையும் மாத்த வேணாம்." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். "சரி சார். நாளைக்கு வர்றேன்."

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன சொன்னாரு?"

"போடுறேன்னாரு. நாளைக்கு வந்து பாக்கச் சொன்னாரு." சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். எடுத்துவிட்டு அதைக் கொடுக்காமல் விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தார். "வேலைக்காகத்தான் சொல்லலன்னு பஸ்ல சொன்னேனே. அது பாதிதான்."

அவள் ஜன்னலருகே போய்க் கையை நீட்டினாள்.

"டாக்டர் எழுதிக் குடுத்தது. படி."

மருந்தின் பெயர்கள் மேலே இருந்தன. அடியில், தனியாக, கோடு போட்டு ஒரு வரி. நோயாளியின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் உடனே பரிசோதனை தேவை. ரத்த வழியில் வரக்கூடியது.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வயது மகள். ரயில் ஓட்டுநர் பயிற்சியில் பதினெட்டு மாதம் முடித்து, எஞ்சினில் தனியாக உட்கார இன்னும் ஒரே ஒரு மருத்துவப் பரிசோதனை பாக்கி. வருகிற திங்கட்கிழமை. அதற்காகப் புதுச் சீருடை தைத்துக் கதவில் மாட்டியிருக்கிறாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் கேட்டது அந்த வேலை ஒன்றைத்தான்.

"அஞ்சு மாசம்," என்றாள் மெல்ல. "இது அஞ்சு மாசமா உங்க பையில இருந்துச்சா?"

"அவ பரீட்சை முடியட்டும்னு நெனச்சேன். அப்புறம் டிரெயினிங் முடியட்டும்னு. அவளுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு..."

"இருந்தா?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஓரம் போனது திரும்பி வராது. டாக்டர் சொல்லியிருப்பாரு. அவளுக்கு இப்பவே பாத்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாமா, இல்லையா? அதையாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றார். "நிறுத்தலாம்னாரு. சீக்கிரம் வந்தா."

வேனுக்கு வந்ததைவிட, தபால்காரருக்கு வந்ததைவிடப் பெரிய கோபம் அப்போது வந்தது. அவள் கத்தவில்லை. தாளை மடித்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். அவகிட்ட நீங்கதான் சொல்லணும். இன்னிக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி."

ஐந்தே முக்காலுக்குக் கீழே வாசல் கம்பிக் கதவு திறந்தது. செருப்பை விட்டுவிட்டு இரண்டு இரண்டு படியாக மேலே ஏறி வரும் சத்தம். மகள் அப்படித்தான் வருவாள். தோளில் பை, உடையில் எஞ்சின் எண்ணெய் வாசனை, முகத்தில் களைப்பு இருந்தும் ஒரு பொலிவு.

"மாமா போன் பண்ணாரு," என்றாள் உள்ளே வந்ததும். "என்னன்னு கேட்டா ஒண்ணும் சொல்லல. பஸ்லயா வந்தீங்க? மாமியாரா மருமகளா, அதையாவது சொல்லுங்கப்பா. யாரு ஜெயிச்சா?"

அவர் நாற்காலியை இழுத்து மகளுக்கு நேர் எதிரே, அவள் முகம் முழுவதும் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தார். தாளை முழங்காலில் விரித்து வைத்தார்.

"அது கிடக்கட்டும். பையை இறக்கி வெச்சுட்டு உக்காரு," என்றார். "நான் உனக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதே."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், முதலில் ஒன்றை, பிறகு மற்றொன்றை.